கொக்கியில் தொங்கிய சாவி

தங்கமணியின் முன்னால் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா ஆறிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தைத் தட்டினாள். தம்பி மனைவி விஜயகுமாரிக்கு அந்தச் சத்தம் தெரியும். அடுத்து வருவது தனக்கான பேச்சு.

"பெரிய வண்டியா? வாங்கு, நல்லா வாங்கு. சாவிய மட்டும் ஒங்கம்மா கண்ணுல காட்டிறாத. சட்டைப் பைக்குள்ள கைய விட்டு எடுத்துருவா."

காலையில் பேச்சைத் தொடங்கியவள் விஜயகுமாரியின் மகள் மஞ்சுளாதான். மழைக்காலம் முடிந்ததும் அவளோடு வண்டி ஓட்டும் கூட்டம் பசீன் ஊரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகிறது. இப்போதிருக்கும் நூற்றுப்பத்து சிசி வண்டியில் பைகளைக் கட்டிக்கொண்டு அந்த மலைப்பாதை ஏற முடியாது. பழைய இருநூற்றைம்பது ஒன்று பார்க்க வேண்டும் என்றாள். சொல்லும்போது அம்மாவைப் பார்க்காமல் சுவரிலிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள்.

"அப்பாவால ஏற முடியாத மேடு அது. நான் ஏறணும்."

விஜயகுமாரி தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. இந்தப் பேச்சைக் கேட்டு ஆறு வருடப் பழக்கம்.

யாங்கோன் நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. அதனால் தாமுவேயில் குடியிருந்த மஞ்சுளாவின் அப்பா குழந்தைவேலுவின் வண்டிகள் இரண்டும் நகருக்கு வெளியே மாவ்பியில், அவர் தம்பி மோகன் வீட்டில்தான் நின்றன. ஒன்று சின்னது. மற்றது ஊர் சுற்றுவதற்கென்றே ஆசைப்பட்டு வாங்கிய பெரியது. பெரியதற்கு இரண்டு சாவிகள். நகர்த்தி நிறுத்துவதற்காக ஒன்று, தங்கமணிக்குத் தெரியாமல், மோகனிடம் இருந்தது. மற்றது தாமுவே வீட்டு அடுப்படிச் சுவரில், ஒரு கொக்கியில் தொங்கும். பயணம் கிளம்பும்போது வேலு அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாவ்பிக்கு பஸ் ஏறுவார்.

கடைசிப் பயணத்துக்கு முந்தின மாலையும் அவர் சாவியைப் பையில் போட்டதைத் தங்கமணி கண்ணால் பார்த்தாள். ஆனால் அவர் போனது சின்ன வண்டியில். ஈரப் பாதையில், செங்குத்தான மேட்டில், பாரம் இழுக்காமல் வண்டி பின்னுக்கு வழுக்கியபோது பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. உடல் வீட்டுக்கு வந்த அன்று, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போன தங்கமணி, கொக்கியில் அந்தச் சாவி தொங்குவதைக் கண்டாள். பெரிய வண்டி வேண்டாம் என்று பெண்டாட்டி எடுத்து மாட்டிவிட்டாள், அதனால்தான் தம்பி செத்தான்... அங்கேயே நின்று அவள் முடிவு செய்துவிட்டாள். தம்பிகள் இருவரையும் தாயாக இருந்து வளர்த்தவள். அவள் முடிவு செய்தால் வீடே முடிவு செய்த மாதிரி. மஞ்சுளாவும் அதை நம்பியே வளர்ந்தாள்.

நடந்தது அந்த வீட்டில் விஜயகுமாரிக்கு மட்டும் தெரியும். பயணம் கிளம்பும் அன்று விடியலில் மோகனிடமிருந்து போன் வந்தது. முந்தின நாள் கேட்காமல் பெரிய வண்டியை எடுத்து ஓட்டி, கால்வாயில் விட்டுவிட்டானாம். வேலு பையிலிருந்த சாவியைத் தன் கையாலேயே கொக்கியில் மாட்டினார்.

"அக்கா காதுக்குப் போகவேணாம் விஜயா. அவனக் கொன்னே போட்டுரும். நான் வந்து பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

அவர் வரவில்லை. மோகன் வாயைத் திறக்கவில்லை; பெரிய வண்டியை விற்றுவிட்டதாக மட்டும் பிறகு சொன்னான். அந்தச் சாவியை அவள் கொக்கியிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் பையில்லாமல் எங்கும் போனதில்லை.

தேநீர் குடித்து முடிப்பதற்குள் மோகன் போனில் வந்தான். மஞ்சுளா நேற்றே அவனிடம் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது.

"நூத்தம்பதே போதும்மா. நான் வேற ஒருத்தர்ட்ட சொல்லி வெச்சிருக்கேன். அந்தப் பழைய வண்டி விக்கிற தஸ்தகீர்ட்ட மட்டும் போவாத. தலையில கட்டிருவாரு."

போன் சத்தமாகத்தான் இருந்தது. விஜயகுமாரி அடுப்பை அணைத்தாள்.

"தஸ்தகீர் அண்ணன்ட்டதான் போறோம்" என்றாள். "ஒங்கப்பா அவர்ட்டதான் பாப்பாரு. நானும் வர்றேன்."

மஞ்சுளா வியப்புடன் திரும்பினாள்.

"நீயா? எதுக்கு, தடுக்கவா?"

"பின்னாடி ஒக்காந்து பாக்க."

"நானும் வர்றேன்" என்றாள் தங்கமணி. "இந்த வீட்டு வண்டிக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வெச்சது நாந்தான். இவ கையால நடக்கவேணாம்."

நகருக்கு வெளியே, புரோம் ரோட்டோரம் தகரக் கூரைக்குக் கீழே தஸ்தகீரின் வண்டிகள் வரிசையாக நின்றன. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "வா தங்கச்சி. வேலு மவளா இது? அப்படியே அவன் மொகம்."

மஞ்சுளா ஒரு நூற்றைம்பதில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கி, பர்மிய மரியாதையோடு கூப்பிட்டாள். "ஊ தஸ்தகீர், இதைவிடப் பெருசு வேணும். பின்னாடி ஆளும் இருக்கும், ரெண்டு பையும் இருக்கும். மலைப்பாதை."

"பெருசு தர்றேன். ரோட்டுல கீழ விழுந்தா தூக்க நான் கூட வரமாட்டேன்" என்று சிரித்தார். ஒரு கனத்த வண்டியைத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்தார். "தூக்கு பாப்போம். தூக்குனாத்தான் விப்பேன்."

அவள் முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி, மூச்சுப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டாள். தஸ்தகீரின் முகம் மலர்ந்தது.

"ஹோக்தே, அதான்! ஒனக்கு அந்தக் கோடில நிக்கிற நீலந்தான் சரி."

நீல வண்டியின் பக்கத்தில் விஜயகுமாரி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். சாயம் புதிது. ஆனால் பின்னிருக்கையின் பிடிகம்பியில் கறுப்பு ரப்பர் பட்டை சுற்றியிருந்தது. பழைய டியூபை வெட்டி, அவள் கை வழுக்கக்கூடாது என்று வேலு சுற்றியது. அவள் அதைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

மஞ்சுளா முன் ஃபோர்க்கைத் தடவினாள். "இது விழுந்த வண்டியா?"

"ஒரு தடவ. மறைக்க மாட்டேன். ஸ்பேர் கெடைக்காம நாலு வருஷம் தார்ப்பாய்க்குள்ள கெடந்துச்சு. இப்ப எல்லாம் மாத்தியாச்சு." அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், மோகன் சொல்லலியா? இது வேலு வண்டிதானே. மோகன்தான கால்வாய்க்குள்ள விட்டான்."

தங்கமணி முன்னால் வந்தாள். "எப்ப விட்டான்?"

"வேலு தவறின அந்த வாரந்தாங்க்கா. வேலு கெளம்புற அன்னிக்கி இங்கதான் வந்தான். வண்டி பிரிச்சுக் கெடந்துச்சு. பாத்துட்டு, சரி, சின்னத எடுத்துட்டுப் போறேன்னான்."

ரோட்டில் லாரிகள் போயின.

"அப்பா... இது பிரிச்சுக் கெடந்ததப் பாத்தாரா?" மஞ்சுளா ஃபோர்க்கிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப சாவி?"

விஜயகுமாரி கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து சாவியை எடுத்து வண்டியில் செருகித் திருப்பினாள். விளக்கு எரிந்தது.

"சாவி இருந்து என்ன பண்ணப்போவுது? தன் கையால கொக்கியில மாட்டிட்டுப் போனது ஒங்கப்பாதான்."

அப்போதுதான் மோகன் வந்து சேர்ந்தான். அவர்கள் இங்கே வந்தது யாரோ சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். எரியும் விளக்கையும் அக்காவின் முகத்தையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணி... சொல்லலாம்னுதான் இருந்தேன். அக்கா ஒடம்பு..."

"வாய மூடு."

விஜயகுமாரி அந்த வார்த்தையை அந்தக் குடும்பத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கே அது புதிதாக இருந்தது.

"பதினாறாம் நாள் சொல்லுவன்னு பாத்தேன். வருஷத் திதியில சொல்லுவன்னு பாத்தேன். எலையில ஒக்காந்து சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போன. ஒங்கக்கா என்னைய, புருசனக் கொன்னவன்னு ஒன் முன்னாடியே சொன்னப்ப, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்த. ஒங்கண்ணன் என் வாயக் கட்டிட்டுப் போனாரு. ஒன் வாய யாருடா கட்டுனா?"

மோகன் குனிந்து அவள் காலைத் தொட வந்தான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

தங்கமணியின் கை தம்பியை அடிக்க ஓங்கியது. பாதியில் நின்று, அவள் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். "ஏன்டி சொல்லல? இத்தன வருஷம் என்னையப் பேசவிட்டு... நான் பாவியாயிட்டேனே விஜயா. ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"நீங்க கேக்கலியே அக்கா." விஜயகுமாரியின் குரல் உயரவில்லை. "ஒரு தடவகூட என்ன நடந்துச்சுன்னு என்னையக் கேக்கல. நீங்க சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

மஞ்சுளா ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். "அம்மா... நானும் கேக்கல..."

"ஆமா. நீயும் கேக்கல." விஜயகுமாரி உடனே அணைத்துக்கொள்ளவில்லை. மகளின் தலைமயிரில் வியர்வையும் கன்னத்தில் பூசிய தனக்காச் சாந்தும் மணத்தன. அதற்குப் பிறகுதான் அவள் கை மகளின் முதுகை அணைத்தது.

"இந்த வண்டி வேணாம்மா. வேற பாப்போம்" என்றாள் மஞ்சுளா.

"வண்டி என்ன பொய் சொல்லுச்சா? ஏறு. மேட்டுல ஆளோட இழுக்குதான்னு பாக்கணும்." விஜயகுமாரி தஸ்தகீரைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, வண்டி ஒங்க ஷெட்டுலதான் நிக்கணும். முடியுமா?"

"நம்ம எடம் தங்கச்சி. காலத்துக்கும் நிக்கட்டும்." அவர் மேசையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து வந்தார். "இது வண்டிய எனக்கு விக்கிறப்ப மோகன் குடுத்தது. மத்தது தொலஞ்சு போச்சுன்னான்."

மோகன் ரோட்டைப் பார்த்தான்.

தங்கமணி முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் வைக்கப் போனாள். ஒன்று கைதவறி உருண்டது. விஜயகுமாரி குனிந்து எடுத்து, சக்கரத்துக்கு நேராக வைத்துக் கொடுத்தாள். இருவர் தலைகளும் அருகருகே இருந்தன. தங்கமணி அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். விஜயகுமாரி விலக்கவில்லை, ஆனால் முகம் இளகவுமில்லை.

நிமிர்ந்ததும் தஸ்தகீர் தந்த சாவியைத் தங்கமணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ஒங்கட்ட இருக்கட்டும் அக்கா. நாளைக்கு யாரும் என்னையச் சொல்லக்கூடாது."

அந்தச் சொல் தங்கமணிக்கு அடிபோல விழுந்தது. அவள் வாங்கிக்கொண்டாள்.

மஞ்சுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை முடுக்கினாள். விஜயகுமாரி பின்னால் ஏறி, ரப்பர் சுற்றிய கம்பியைப் பிடித்தாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. புரோம் ரோட்டுக்கு ஏறி, பாலத்து மேட்டை நோக்கி நீல வண்டி போனது. மேட்டில் இஞ்சின் குரல் ஒரே சீராக இருந்தது. திணறவில்லை.

கீழே மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி பாலத்துக்கு அந்தப்பக்கம் மறைந்ததும் மோகன் மெல்லக் கையை நீட்டினான்.

"சாவியக் குடுக்கா. அவங்க வந்ததும் நான் உள்ள விட்டு நிறுத்திடுறேன்."

தங்கமணி கையை மூடிக்கொண்டாள்.

"விஜயாவக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள்.