இரண்டு மணி பாஸ் ஓவர்

பேய்க் கதை சொல்லுகிற ஆள் இல்லை நான். பத்து வருஷம் வார்டில் வேலை பார்த்தவள். செத்துப்போனவர்களைத் துடைத்து அனுப்பிவிட்டு, கை கழுவிக்கொண்டு கேன்டீனில் போய் மீ கோரேங் சாப்பிட்டவள். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் வெரோனிகா. நானும் ஃபியோனாவும் ஈப்போவில் ஒரே வார்டு மிஸ்ஸிகள். நர்சுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மலைமேல் தானா ராத்தாவில் ஒரு நர்சிங் கல்லூரியில் முதுநிலைப் படிப்புக்கு எங்கள் இருவருக்கும் நேர்முகத் தேர்வு வந்திருந்தது. எனக்கு அது சம்பள உயர்வு, அவ்வளவுதான். ஃபியோனாவுக்கு அப்படியில்லை. போன வருஷம் தேர்வுக் குழுவின் முன்னால் வாயடைத்துப்போய் அழுதுகொண்டே எழுந்து வந்தவள் அவள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் இனி விண்ணப்பிக்கவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

கல்லூரியில் விடுதி கிடையாது. இடம் கிடைத்தால் தங்குவதற்கு ஒரு வீடு பார்க்கவும், அமைதியாக உட்கார்ந்து படிக்கவும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மலையேறினோம். டவுனில் எல்லோரும் சுற்றுலாக்காரர்களிடம் கேட்கிற வாடகையையே எங்களிடமும் கேட்டார்கள். பசியாறப் போன கடையில் முதலாளி சேக் தாவூத் அண்ணன்தான் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். ரிங்லெட் போகிற வழியில், தேயிலைக்கு நடுவே.

"எஸ்டேட்டு பழைய ஆஸ்பத்திரி அது. வீடா மாத்தி சேவாவுக்கு விடறேன், வாடகை கம்மிதான். படிக்கிறவங்களுக்கு நல்லா இருக்கும்லா, சத்தமே இருக்காது," என்றார்.

சத்தமே இருக்காதாம்.

நீண்ட கூடம், பலகைத் தரை. புதுச் சாயம் பூசியும் சுவரில் கட்டில் நம்பர்கள் மங்கலாகத் தெரிந்தன. ஜன்னலைத் திறந்தால் பச்சைத் தேயிலை வாசம் வந்தது. மூடினால் எங்கிருந்தோ பினாயில் வாசம் வந்தது. ஃபியோனா கூடத்தில் நடந்து பார்த்தாள். அவளுடைய இடது ஷூ எப்போதும் கீச்சிடும். எங்கள் வார்டு நோயாளிகள் அந்தச் சத்தத்தை வைத்தே அவள் வருவதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மத்தியானமே மூடுபனி இறங்கி ஜன்னல்களை அடைத்துவிட்டது. விளக்கைப் போட்டு, மேசைக்குப் பின்னால் தேர்வுக் குழுத் தலைவி மாதிரி விறைப்பாக உட்கார்ந்தேன்.

"உங்க ஷிஃப்ட் முடிஞ்சுபோச்சு. அடுத்த மிஸ்ஸி வரல. என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். போன வருஷம் அவள் வாயடைத்துப்போனது இந்தக் கேள்விக்குத்தான்.

ஃபியோனா தலையை நிமிர்த்தினாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக். டக். டக்.

கூடத்தின் கோடியில் காலணிச் சத்தம்.

ஆள் இல்லை. பலகை மட்டும் அமுங்கி எழுந்தது. சத்தம் சுவரில் ஒரு நம்பருக்குக் கீழே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த நம்பருக்கு நகர்ந்து, அங்கேயும் நின்றது. இப்படியே ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் வாசலுக்கு வந்தது.

அப்புறம் போகவில்லை.

மணி இரண்டு, காலை ஷிஃப்ட் முடிகிற நேரம். எங்களுக்குப் புரிந்துவிட்டது. எந்த மிஸ்ஸிக்கும் புரியும்.

"பாஸ் ஓவர்டி," என்று ஃபியோனா கிசுகிசுத்தாள்.

ஷிஃப்ட் மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று, நோயாளிகளை அடுத்த மிஸ்ஸியிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் அது. வந்தவள் "எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னால்தான் ஷிஃப்ட் முடிந்தவள் வீட்டுக்குப் போகலாம். அதுவரை நகரக்கூடாது.

நேரே கடைக்குப் போய் சேக் தாவூத் அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் தேத்தண்ணி ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டார். அவர் மனைவி ஆசியாக்காதான் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அது அந்த ஆஸ்பத்திரி ஆரோக்கியம்மா மிஸ்ஸி. எங்க மாமியா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மழையில மலை சரிஞ்சு ரோடு அடைஞ்சுபோச்சாம். வார்டு நெறைய காய்ச்சக்காரங்க. மாத்த வேண்டிய மிஸ்ஸி மேல வர முடியல. மண்ண வெட்டிட்டு ஆளுங்க போய்ப் பாத்தப்ப எல்லாரும் மௌத்தாயிருந்தாங்க. மிஸ்ஸி மட்டும் வாசலப் பாத்து ஒக்காந்தபடியே உசுர விட்டிருந்தாங்க."

வீட்டுக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொல்லி, பெட்டியைக் கட்டு என்றேன். ஃபியோனா கேட்கவில்லை. "நாளன்னிக்கு இன்டர்வியூ. இப்ப எங்கடி போய் அலையறது?" என்றாள். பிறகு மெதுவாக, "பாவம்டி. எவ்ளோ காலமா நிக்கிறாங்க. கால் வலிக்கும்லா," என்றாள். அவள் மனசு அப்படி. அதனால்தான் நோயாளிகளுக்கு அவளைப் பிடிக்கும், என்னைப் பிடிக்காது.

மறுநாள் இரண்டு மணிக்கு அவள் போய் வாசலில் நின்றுகொண்டாள்.

"ஏய், வாய வச்சுக்கிட்டு சும்மா இருடி," என்றேன்.

சத்தம் கட்டில் கட்டிலாக வந்து அவள் முன்னால் நின்றது. அவள் தலையை லேசாகச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"சரிங்க சிஸ்டர். எடுத்துக்கிட்டேன். நீங்க போங்க."

ஒரு நீண்ட பெருமூச்சு. கதவு தானாகத் திறந்தது. காலணிச் சத்தம் படியிறங்கித் தேயிலைக்குள் தேய்ந்துபோனது. பினாயில் வாசம் இல்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் ஃபியோனா தடுமாறாமல் பதில் சொன்னாள். இவளுக்கு இடம் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வு நாள் காலை. நான் காடியில் ஏறி எஞ்சினைக் கிளப்பிவிட்டேன். ஃபியோனா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

இன்னொரு கட்டிலிலிருந்து இன்னொரு இருமல்.

போனது மிஸ்ஸி மட்டும்தான்.

ஃபியோனாவின் முகம் மாறிவிட்டது. பயமில்லை, அது வார்டில் நான் தினமும் பார்க்கிற முகம். நான் இறங்கி ஓடி அவள் கையைப் பிடித்தேன்.

"உள்ள யாரும் இல்லடி. வா, நேரமாச்சு."

"தண்ணி கேக்கிறாங்கடி."

"இன்டர்வியூடி, ஃபியோனா."

"ஆள் வராம எப்படிடி வுட்டுட்டு வர்றது?"

கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தட்டினேன், உதைத்தேன், கத்தினேன். ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கூடம் காலி. கீச், கீச் என்று ஒரு சத்தம் மட்டும் நம்பர் நம்பராக நகர்ந்துகொண்டிருந்தது.

போலீசும் சேக் தாவூத் அண்ணனும் வந்து கதவை உடைத்தார்கள். தேயிலைக் காடு முழுக்கத் தேடினார்கள். ஃபியோனா கிடைக்கவில்லை.

எனக்குக் கல்லூரியில் வேறு நாள் கொடுத்தார்கள். அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஆள் வரும் வரை நகர மாட்டேன்," என்றேன். நல்ல பதில் என்று தலையாட்டினார்கள். இடம் கிடைத்துவிட்டது.

இப்போது சேக் தாவூத் அண்ணன் கடைக்கு மேலே அறை. மத்தியானம் வகுப்பு. இரண்டு மணியானால் வகுப்பு ஜன்னலில் பனி ஏறும். தாழ்வாரத்தில் கீச்சென்று ஒரு ஷூ வரும். மேசை மேசையாக நின்று, என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். வேறு யாருக்கும் கேட்பதில்லை. எனக்கு மட்டும் பினாயில் வாசம் மூக்கை அடைக்கும்.

"வெரோ. கால் வலிக்குதுடி."

என்ன ஆனாலும் பதில் சொல்லாதே என்று ஆசியாக்கா சொல்லியிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நானும் மிஸ்ஸிதானே. ஷிஃப்ட் முடிந்தவளை எத்தனை நாளைக்கு நிற்க வைப்பது?