காலியாக விட்ட இடம்

காலை 10.40. மனநல வார்டின் அந்த அறைக் கதவுக்கு உட்பக்கம் கைப்பிடி கிடையாது. மொழிபெயர்ப்பாளரான அவள் அதைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டு ஐந்து நாளாகிறது.

சத்தம் போட்டாள்; 'முரட்டுத்தனம்' என்று எழுதினார்கள். பொறுமையாகப் பேசினாள், 'உணர்ச்சியற்ற நிலை' என்று எழுதினார்கள். வாயை மூடிக்கொண்டாள். அதையும் எழுதினார்கள், பாழாய்ப்போகிறவர்கள்! மாலை நாலு மணிக்குத் தூரத்து மருத்துவமனைக்கு வண்டி. அங்கே போனவர்கள் லேசில் திரும்பமாட்டார்கள் என்று தாதி சொல்லியிருந்தாள்.

அவள் எழுதிய நாலாவது புகாரை யாரோ படித்திருக்க வேண்டும். பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரே ஒரு தாளோடு வந்தார்.

"கையெழுத்து உங்களதா?"

"ஆமாங்க."

"முத்திரை?"

"என்னோடதுதான்."

"அப்போ உங்களுக்குப் புத்தி சரியில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"இல்லீங்க. மனசு ஓஞ்சு போயிருக்கு, ரெண்டு வாரம் லீவு வேணும்னு டாக்டர் இங்கிலீஷ்ல எழுதினாரு. ஆபீஸ்ல ஸ்பானிஷ்ல கேட்டாங்க, நானே மொழிபெயர்த்தேன். டாக்டர் எழுதின மூலத்தை இப்போ காணோம், டாக்டரும் ஊர்ல இல்ல."

"இந்தச் சொல்?"

"அங்க ரெண்டு சொல் பொருந்தும். 'அகோபியாதா'ன்னா பாரம் தாங்காம திணறுறவ. 'அபதீதா'ன்னா மனசு தளர்ந்து போனவ. நான் இதுல யாருன்னு எனக்கே தெரியல. அந்த இடத்தைக் காலியா விட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வச்சேன். சொல்லைக் கடைசியா எழுதறது என் பழக்கம்."

"ரொம்ப நல்ல பழக்கம்!"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலி இடத்தில் இப்போது பெரிய எழுத்துகளில் 'தெமென்தே' என்றிருந்தது. சித்தம் கெட்டவள். கடைசி இரண்டு எழுத்துகள், மையில்லாத புடைப்பு முத்திரையின் ஓரத்தில், உடைந்து நடுங்கியிருந்தன. பைத்தியக்காரக் கை என்று வார்டு டாக்டர் அதைத்தான் காட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

11.25. அந்தத் தாளைக் காட்டி அவளை இங்கே சேர்த்த தம்பி வந்தான். அக்கா முகத்தை அவன் பார்க்கவில்லை.

"அக்காதான் எழுதினாங்க மேடம். என் கண்ணு முன்னாடி."

"முத்திரை?"

"எழுதி முடிச்சுட்டுக் குத்தினாங்க. நான் உடனே வாங்கிட்டு வந்துட்டேன்."

"வேற யார் கைக்கும் போகலயே?"

"சத்தியமா இல்ல."

"வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. விக்க அக்கா ஒத்துக்கல. சரிதானே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

இன்ஸ்பெக்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"வழவழன்னு இருக்கற தாள்ல எழுதிட்டு அப்புறம் முத்திரை குத்தினா, கோடு அறுபடாது. இங்க மேட்டுல பேனா துள்ளியிருக்கு, பள்ளத்துல மையே படல. கை நடுங்கல தம்பி, தாள்தான் கரடுமுரடு. முத்திரைக்கு அப்புறம் எழுதின சொல் இது. முத்திரை விழுந்ததுலேருந்து தாள் உங்க கையிலதான்னு நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க."

தம்பி கதவுப் பக்கம் திரும்பினான்.

"கேட்டிருந்தா வீட்டையே குடுத்திருப்பேனேடா," என்றாள் அக்கா. உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, குடுத்திருக்க மாட்டேன். ஆனா உன்னை இப்படி ஒரு ரூம்ல வச்சுப் பூட்டியிருக்க மாட்டேன்." அப்புறம்தான் அழுகை வந்தது.

பிற்பகல் 3.10. வெளிப்பக்கத்திலிருந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தம்பி மேல் எழுதிய புகார் மனுவை இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்கு நீட்டினார். அவள் வரிவரியாகப் படித்தாள். வரிகளுக்கு இடையே, ஓரத்தில், அடியில் என்று வெறுமையாகக் கிடந்த ஒவ்வோர் இடத்திலும் கோடு கிழித்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.