இரண்டாவது குழாய்

குழாய்க்குள் விழுந்த முதல் சொட்டு பச்சையாக இருந்தது.

மஞ்சளாக இருக்க வேண்டும். பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரிகிற மாதிரி, தெளிந்த இளமஞ்சள். வயிற்றுவலியில் துடிக்கிற குதிரையின் அடிவயிற்றை மழித்து, மருந்தால் துடைத்து, ஊசி இறக்கி, குடலைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்ப்பதே அதற்காகத்தான். பச்சை என்றால் இரண்டில் ஒன்று. குடல் ஏற்கெனவே கிழிந்து, தின்றதெல்லாம் வயிற்றுக்குள் கொட்டியிருக்கும்; இனி பிழைக்காது. இல்லையென்றால் ஊசி தவறிக் குடலுக்குள்ளேயே போயிருக்கும். அது பெரும்பாலும் தானே ஆறிவிடும். எது என்பதைக் குத்தியவள்தான் சொல்ல வேண்டும்.

ஊசி இறங்கும்போது குதிரை ஒரு தடவை உதறியது. அப்போது அவள் விரல் நுனியில் சின்னதாக ஒரு 'பொக்'. அது இன்னும் விரலை விட்டுப் போகவில்லை.

போனில் பெரிய டாக்டர் கேட்டார். "குத்தும்போது அசைஞ்சுதா?"

போன வாரம் இதே குரல்தான் எல்லார் முன்னாலும், "இன்னொரு தப்பு நடந்துச்சு, நீ பெட்டியைக் கட்டிட வேண்டியதுதான்" என்று சொன்னது.

"இல்ல சார்."

"வேற இடத்துல எடுத்துப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். அதுவும் பச்சைதான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி, இனிமே அதைக் கஷ்டப்படுத்தக் கூடாது. ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன். கால் மணி நேரத்துல வந்து முடிச்சிடலாம்."

லாயத்தின் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈர வைக்கோலும் வியர்வையும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை அவள் தொண்டைக்குள் இறங்கியது.

"பெரியவர் என்ன சொன்னாரு டாக்டரம்மா?" லாயத்தில் வேலை பார்க்கும் குதிரைக்காரர் கேட்டார்.

"வர்றாராம் அண்ணே."

"கேட்டியாடி கழுதை?" அவர் குதிரையின் காதைத் தடவினார். "ராணின்னு பேரு வச்சது தப்பாப் போச்சு. மழையில பெரிய டாக்டரையே வரவழைக்கிற."

வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று அவள் மறுபடி குனிந்தாள். புது ஊசி, நாலு விரல் தள்ளி. பச்சையா வா. பச்சையா வந்துடு.

தெளிந்த மஞ்சள்.

குழாயை விளக்குக்கு நேரே பிடித்தாள். பின்னாலிருந்த விரலில் ஒவ்வொரு ரேகையும் தெரிந்தது. குடல் கிழியவே இல்லை. குத்தியது அவள்தான்.

போன் போட்டாள். மணி போனது, அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கமாட்டார்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மெதுவாக, சீராக, எதையோ அரைக்கிற சத்தம். அவள் திரும்பவில்லை. அது என்ன என்று தெரிந்துவிட்டது. வலிக்குப் போட்ட மருந்து வேலை செய்கிறது. குதிரை புல் தின்கிறது.

"சாப்பிடறா! டாக்டரம்மா, சாப்பிடறா பாருங்க!" குதிரைக்காரர் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "உங்க கை ராசியான கை!"

இரண்டாவது குழாய் அவள் கோட்டுப் பையில் இருந்தது. வெதுவெதுப்பாக.

பெரிய டாக்டர் நனைந்தபடி உள்ளே வந்து பச்சைக் குழாயை மட்டும் தூக்கிப் பார்த்தார்.

"சார், இப்போ நல்லா சாப்பிடுதுங்க" என்றார் குதிரைக்காரர்.

"கிழிஞ்சதும் கொஞ்ச நேரம் வலி தெரியாதுப்பா. தேறிட்ட மாதிரிதான் இருக்கும். அதை நம்பக் கூடாது."

"சார்..." என்றாள் அவள்.

"என்ன?"

சொல்லு. ஒரே வரி. பையிலிருந்து கையை எடு. எடுத்து நீட்டு.

"ஒண்ணுமில்ல சார்."

மருந்து உள்ளே போனது. அரைக்கிற சத்தம் பாதியில் நின்றது. முன்னங்கால் மடிந்தது. தரை அதிர்ந்தது. பிறகு மழை மட்டும்.

குதிரைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரிய டாக்டர் கையுறையையும் கத்தியையும் அவளிடம் நீட்டினார்.

"எங்க கிழிஞ்சிருக்குன்னு பார்த்து எழுதணும். நீயே திற."

திறந்தாள். தோல். சதை. வெண்சவ்வு. எங்கேயாவது ஒரு கிழிசல் இருந்துவிடாதா? ஒரே ஒரு கிழிசல்.

தெளிந்த நீர் வழிந்தது. நடுவே குடல், ஈரமாக, பளபளவென்று, முழுசாக. அதில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். குதிரைக்காரர் திரும்பி வந்து குனிந்தார்.

"டாக்டரம்மா, இது அசையுதே."

அசைந்தது. இதயம் நின்றது தெரியாமல் குடல் சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. சற்றுமுன் தின்றது இனி வரும் என்பது போல அந்தப் புள்ளியையும் சேர்த்துக்கொண்டு மெல்ல ஊர்ந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவளுடைய கைகளுக்கு நடுவே அது சுருங்கி விரிந்துகொண்டே இருந்தது.