சாய அழுக்கு

நேற்று இசபெல்லா எண்ணியபோது நான்கு வளையங்கள்தான் இருந்தன. இன்று பதினொன்று.

கண்ணாடித் துண்டில் தடவிக் காயவைத்த ரத்தம். அதுவும் செத்து இருபது நாளான பிள்ளையின் ரத்தம். அதில் எதுவும் கூடாது, குறையாது. மத்தியானமே மஞ்சு மூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்திருந்த அந்த ஆஸ்பத்திரி லேபில், ஸ்பிரிட் வாடைக்கும் ஈர மரத்தின் வாடைக்கும் நடுவே, மைக்ராஸ்கோப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

கொடைக்கானல் குளிரில், ரத்தத்தின்மேல் ஊற்றும் சாயம் திரிந்து கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் படியும். பதினாறு வருஷமாக அதைப் பார்த்து அலுத்தவள் அவள். பெரும்பாறை எஸ்டேட்டு வள்ளியின் சிவப்பணுக்களுக்குள் சின்னச் சின்ன ஊதா வளையங்கள் தெரிந்தபோதும் சாய அழுக்குதான் என்று தள்ளி, சீட்டில் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டாள். மலைக்கு மலேரியா ஏறாது என்ற மிதப்பு வேறு. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. அடக்கம் முடிந்தபிறகுதான் கண்ணாடியை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மலேரியாவேதான். எந்தச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் போகும் இந்தப் பாவம்?

கதவருகே வள்ளியின் அப்பா சேனாதிபதி நின்றான். மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான்.

"அம்மா, சின்னவளுக்கும் நேத்துலருந்து குளிர்காய்ச்சலுங்க. ரெண்டும் ஒண்ணாத்தேன் மலைக்குக் கீழ அய்யம்பாளையம் திருவிழாவுக்குப் போச்சுக. பெரியவளுக்கு என்னன்னு தெரிஞ்சா இவளுக்காச்சும் வெரசா மருந்து கேப்பேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் வேலை போகும். ஊர் காறித் துப்பும்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லண்ணே. வெறும் சளிக்காய்ச்சல்தான். கஷாயம் வச்சுக் குடுங்க."

அவன் அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மைக்ராஸ்கோப்பில் மறுபடி கண்ணை வைத்தாள்.

பதினொன்று இல்லை. வளையம் இல்லாத அணு ஒன்றுகூட இல்லை. அவை அசைந்தன. பெருத்தன. ஒவ்வொன்றாக வெடித்தன.

வாசலுக்கு ஓடினாள். "அண்ணே! நில்லுங்கண்ணே! பொய் சொல்லிட்டேன்!"

மஞ்சு. பெருமாள்மலைப் பக்கம் இறங்கும் பஸ்ஸின் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

சொட்டு.

கண்ணாடியிலிருந்து மேஜைக்கு. மேஜையிலிருந்து தரைக்கு. சிவப்பாக, நிற்காமல்.

குனிந்து விரலால் தொட்டாள். சுட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி எப்படிச் சுடுமோ, அப்படி.

அவள் விரலுக்கடியில் அது குளிரில் நடுங்கியது.