கருங்குதிரையின் மூன்றாம் பள்ளம்

“இந்த வருஷமாவது முதல் வண்டில ஏறுவியா... இல்ல, வழக்கம்போல தலைவலியா?”

மாமியார் அர்வெல்லா கேட்டது கொரினைத்தான். ஆனால் பார்வை ஜன்னலை விட்டு அசையவில்லை. மருமகள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசுவதை அவள் நிறுத்திப் பல வருஷங்களாகிவிட்டன.

கொரின் அடுப்பில் கிடந்த பான்கேக்கைப் புரட்டினாள். “ஏறலை அத்தை...”

“ஏற மாட்டே! விறைச்ச கழுத்து உனக்கு! ஃபிலடெல்ஃபியாப் பட்டணத்துக்காரியாச்சே... மலைக்காட்டு ஜனங்களோட கைதூக்கிக்கிட்டுக் கத்துறது கேவலம்!”

கணவன் க்ளென் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சண்டை வரும்போதெல்லாம் அவனுக்குக் காப்பி தேவைப்படும்.

ஜன்னலுக்கு வெளியே, மலைச்சரிவில், கருங்குதிரை நின்றது. மாமனார் லைமன் ஹோஸ்டெட்டர் மரம் இழைத்துக் கட்டிய ரோலர் கோஸ்டர்; மேடும் பள்ளமும் சுரங்கமுமாய் வண்டி பாய்ந்தோடும் தண்டவாளம். அந்தச் சின்னக் கேளிக்கைப் பூங்காவுக்கு ஊர் வருவதே அதற்காகத்தான். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை பூங்கா திறக்கும். அன்று வேலிக்கு வெளியே ஊர் நின்று பார்க்க, முதல் வண்டியில் குடும்பம் மட்டும் ஏறவேண்டும். கைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிரித்துக்கொண்டே இறங்கவேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு முன்னிருக்கை. இந்த வருஷம் அது டெஸ்ஸாவுக்கு.

“நான் கண்ணைக்கூட மூட மாட்டேன் பாரும்மா!” என்றாள் மகள்.

கொரின் மகளைப் பார்க்கத் தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பினாள். கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது.

ஒன்பது வருஷத்துக்கு முன் இதே நாளில், சுரங்கத்தைத் தாண்டிய மூன்றாம் பள்ளத்தில், வண்டி அவளைச் சாட்டைபோலச் சொடுக்கியது. கண்ணில் பொறி பறந்தது. இருந்தும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். மாமனார் அப்போது படுத்த படுக்கை. ‘என் குதிரை ஒருத்தரையும் கடிச்சதில்லை’ என்பதுதான் அவருடைய கடைசிச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடே அவர் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். போன பிறகு, இறந்தவர் பேரைக் கெடுக்க மனம் வரவில்லை. ஏச்சு வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது. வலி தன் கழுத்தோடு நின்றவரையில்! இன்று முன்னிருக்கையில் மகள்...

அர்வெல்லா சர்ச்சுக்குப் பூ வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். சற்று நேரத்தில் கொரினும் கடைக்கு ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து ஊருக்கு வண்டியை விட்டாள்.

அங்கே டாக்டர் பீச்சி இருந்தார். கழுத்தையும் முதுகெலும்பையும் கையால் நீவிச் சரிசெய்யும் கைரோபிராக்டர். எக்ஸ்ரே பார்க்காமல் யார் கழுத்திலும் கை வைக்கமாட்டார். மளுக்கென்று திருகவும் மாட்டார். இரண்டு நீளக் கட்டில்கள், நடுவே ஒரு திரை. கொரின் கட்டிலில் முகம் பதிப்பதற்கென்று இருந்த துளைக்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்தாள்.

திரைக்குக் கீழே ஒரு ஜோடி காலணி தெரிந்தது. நீலத் துணிக்காலணி. அதில் வெள்ளைப் பெயின்ட் துளிகள்... குதிரையின் மேடைக் கம்பிகளுக்கு வருஷாவருஷம் வெள்ளையடிப்பது யார் என்று அவளுக்குத் தெரியாதா!

“சீக்கிரம் டாக்டர், பத்து மணிக்கு வண்டி.” அர்வெல்லாவின் குரல்.

“ஏறாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“ஏறலைன்னா மருமக முன்னாடி என் மானம் போயிடும். அவ சுகமா கீழ நின்னு பாத்துக்கிட்டிருப்பா...”

“சுகமா இல்ல அத்தை,” என்றாள் கொரின்.

டாக்டர் இருமினார்.

“யா... யாரது? கொரினா? நீ எங்கே இங்கே?”

“ரொட்டி வாங்க வந்தேன். நீங்க பூ வாங்க வந்த மாதிரி.”

“வாயைப் பாரு!” ஆனால் அந்தக் குரலில் பழைய உறுதி இல்லை. “...எந்த இடத்துல?”

“சுரங்கம் தாண்டின பள்ளம்.”

“மூணாவதா?”

“மூணாவது. இடது பக்கம்.”

திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு உடைந்தது. “எனக்கும் இடது பக்கம்தாண்டி... உங்க மாமா போன மறுவருஷம். அவர் இடத்துல உக்காந்தேன்...”

“அப்போ நீங்க என்னைத் திரும்பிப் பாக்காதது...”

“திரும்ப முடியலைடி! நீதான் என்னைக் கண்டா தலையை விறைச்சுக்கிட்டுப் போறேன்னு நினைச்சேன். எட்டு வருஷம்... எட்டு வருஷம் திட்டித் தீத்தேனே பாவி!” அவள் தேம்பினாள். “அவர்கிட்ட ஏன் சொல்லலை நீ?”

“நிம்மதியாப் போகட்டும்னுதான், அத்தை...”

“டாக்டர், உங்களுக்கு ரெண்டு பேரையும் தெரியுமே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா...” என்றாள் அர்வெல்லா.

“இவங்க கதையை உங்ககிட்டயும், உங்க கதையை இவங்ககிட்டயும் சொன்னா, அப்புறம் யார் வந்து என் கட்டில்ல படுப்பாங்க?” என்றார் டாக்டர். “வேற வேற நாள்தான் குடுத்தேன். இன்னிக்கு ரெண்டு பேருமே கெஞ்சினீங்க.”

கொரின் எழுந்து திரையை விலக்கினாள். “அத்தை... இன்னிக்கு முன்னிருக்கையில டெஸ்ஸா.”

அர்வெல்லா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். “டாக்டர்! கழுத்துப்பட்டை குடுத்தீங்களே, நான் வேண்டாம்னேனே... அதை எடுங்க!”

பூங்காவில் வேலியோரம் ஊர் கூடிவிட்டது. வண்டியின் முன்னிருக்கையில் டெஸ்ஸா. விசைக் கம்பியில் க்ளெனின் கை.

“நிறுத்து!” கொரின் மேடையில் ஏறி, தண்டவாளத்துக்குக் குறுக்கே போய் நின்றாள். “டெஸ்ஸா, இறங்கு!”

“ஊரே பாக்குது கொரின்...” க்ளென் கிசுகிசுத்தான். “அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?”

“அம்மாவையே கேளு!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். படியேறி வந்துகொண்டிருந்தாள் அர்வெல்லா ஹோஸ்டெட்டர். கழுத்தைச் சுற்றி, ஊரறிய, தடித்த வெள்ளைப் பட்டை!

“கேட்டுக்கங்க எல்லாரும்!” அவள் குரல் வேலிவரை எட்டியது. “குதிரை கடிக்கும்! என்னைக் கடிச்சிருக்கு. என் மருமகளை எனக்கு முன்னாடியே கடிச்சிருக்கு. செத்துக்கிட்டிருந்த மனுஷன் மனசு நோகக்கூடாதுன்னு வாயைத் திறக்காம, என் வாயில விழுந்து எழுந்தா அவ. நீங்களும் கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டே இறங்கினீங்க... நாங்க சிரிச்சோம். பள்ளத்தைச் சரிபண்றவரைக்கும் இந்த வண்டி ஓடாது!”

வேலியோரத்தில் அடுமனைக்காரர் ஒருவர் தன் கழுத்தைத் தடவினார். “அப்பாடா! நான் தலையணைதான் சரியில்லேன்னு இத்தனை நாள் தலையணையா மாத்திக்கிட்டிருந்தேன்!”

சிரிப்பும் கைத்தட்டலும் ஒன்றாக வெடித்தன. க்ளென் விசையை விட்டுவிட்டு வந்து மனைவியின் முன் தலைகுனிந்து நின்றான். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே...”

“நீ கோப்பையிலேர்ந்து தலையைத் தூக்கியிருந்தா சொல்லியிருப்பேன்.”

அவன் முகம் சிவந்தது. அன்று மாலையே தச்சர்களுக்குப் போன் செய்தவன் அவன்தான்.

ஜூன் முழுவதும் மலைச்சரிவில் சுத்தியல் சத்தம் கேட்டது. பள்ளத்தின் வளைவைத் தணித்து, புதுப் பலகை அடித்தார்கள். ஜூலை நாலாம் தேதி, ஊர் மறுபடி வேலியோரம் நின்றது. வெறும் வண்டியும் மணல்மூட்டை வண்டியும் பல தடவை ஓடி முடித்த பிறகு, டெஸ்ஸா முன்னிருக்கையில் ஏறினாள். அவளுக்குப் பின்னால், தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, டாக்டர் பீச்சி! முதல் இறக்கத்திலேயே அவர் கடவுளைக் கூப்பிட்ட குரல் பூங்கா முழுக்கக் கேட்டது.

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே வந்தது. மூன்றாம் பள்ளம்...

தொட்டில் ஆடுவதுபோல் இறங்கி ஏறியது!

டாக்டர் தள்ளாடி இறங்கி, தன் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். “இன்னொரு தடவை!” என்று கத்தினாள் டெஸ்ஸா.

கீழே, வேலியருகில், தோளோடு தோள் நின்றிருந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்க நினைத்தார்கள். கழுத்து திரும்பவில்லை. அதனால் பாதம் முதல் தலைவரை முழுசாகத் திரும்பினார்கள். அப்படித் திரும்பி நேருக்கு நேர் நின்றபோது கட்டிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வது?

“மெதுவா, அத்தை... கழுத்து!”

“தெரியும்டி,” என்றாள் அர்வெல்லா, கண்ணீரோடு சிரித்துக்கொண்டே. “இடது பக்கம்.”