கை மட்டும் தெரியும் ஜன்னல்

வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் திணறினார். பூட்டு துருப்பிடித்திருந்தது. "பழைய வீடு மேடம், கொஞ்சம் கோவக்கார வீடு. பழகிட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்று அவரே ஜோக்கடித்து அவரே சிரித்தார். நானும் என் கணவரும் சிரிக்கவில்லை. அந்தச் சமயத்தில் எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

நான் ஆர்க்கிடெக்ட். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் வெளிச்சம், தண்ணீர், வாடகை என்று பார்ப்பார்கள். நான் யார் எந்த வழியாக நடப்பார்கள் என்று பார்ப்பேன். மாடிப்படியைக் கூடத்தில் வைத்தால், வெளியே போய்விட்டு வரும் பிள்ளை அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போக முடியும். அதே படியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பாவும் பிள்ளையும் மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளாமல் காலம் தள்ளலாம். வீடு கட்ட வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், "என்ன மேடம், செவுத்துக்கு அவ்வளவு பவரா?" என்பார்கள். ஆமாம், அவ்வளவு பவர்தான்.

இந்த வீட்டின் அமைப்பு பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. முன்பக்கம் கூடம், அதை ஒட்டி ஓர் அறை, குளியலறை, தெருவைப் பார்த்த வாசல். பின்பக்கம் சமையலறை, அதை ஒட்டி ஓர் அறை, குளியலறை, பின்னால் ஓடும் சந்துப் பக்கம் தனி வாசல். நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் கதவே கிடையாது. நெஞ்சு உயரத்தில் மரக்கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னல் மட்டும் இருந்தது. சுவர் அநியாயத்துக்குக் கனம். அந்தப் பக்கம் நிற்பவரின் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும்.

"கட்டின மனுஷன் வக்கீல் மேடம். தேடி வர்ற கட்சிக்காரங்களுக்கு வீட்டு ஆளுங்க தலை தெரியக் கூடாதுன்னு இப்படிப் பண்ணிட்டார். டீ, சாப்பாடு எல்லாம் இது வழியாத்தான் வருமாம்."

"யார் குடுப்பாங்க?" என்று கேட்டேன்.

"அவர் வீட்டம்மாதான். வேற யாரு?"

என் கணவர் ஜன்னலைச் சாத்தினார். இந்த வீடுதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மழைக்காலத்தில் எங்கள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு பழைய வீட்டில் எங்களால் இருக்க முடியவில்லை. தீப்பெட்டி மாதிரி வீடு அது. திரும்பினால் முட்டிக்கொள்வோம். முட்டிக்கொண்டால் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் மூக்கு அப்படியே குட்டியின் மூக்கு. என் முகத்தில் அவருக்கு எது தெரிந்ததோ, அவரும் சட்டென்று திரும்பிக்கொள்வார். பிரியவும் மனசில்லை, சேர்ந்து இருக்கவும் தெம்பில்லை. அதனால் படித்த படிப்பையெல்லாம் செலவழித்து, சந்தித்துக்கொள்ளவே தேவையில்லாத ஒரு வீட்டைத் தேடிப் பிடித்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, வீடு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பின்பக்கம் அவருக்கு, முன்பக்கம் எனக்கு. அவர் பேக்கரி நடத்துகிறவர். விடிவதற்கு முன்பே சந்து வழியாகப் போவார், மத்தியானம் சந்து வழியாகவே திரும்புவார். எங்கள் வீட்டில் சமைப்பது எப்போதும் அவர்தான். "அண்ணி வெந்நீர் வெச்சாக்கூட அடிப்பிடிக்கும்" என்று நாத்தனார் கிண்டல் செய்வாள். நான் கூடத்தில் மேஜையைப் போட்டு வரைந்துகொண்டிருப்பேன். ஜன்னலைத் தட்டினால் டீ வரும், தட்டு வரும். காலித் தட்டை வைத்தால் உள்ளே போய்விடும். முதலில் "டீ", "போதும்", "உப்பு கம்மி" என்று பேசிக்கொண்டோம். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

நிம்மதியாகத்தான் இருந்தது. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, எனக்கு எல்லாமே அப்படி இருந்தது.

ஒரு சாயங்காலம் டீயை எடுக்கக் கையை நீட்டினேன். கோப்பையை வைத்த கை திரும்பிப் போகவில்லை.

என் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நாங்கள் ஒருவரையொருவர் தொட்டதே இல்லை. கை சில்லென்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கை மெதுவாக உள்ளே போனது. ஜன்னல் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மறுநாளும் பிடித்தது. அதற்கு அடுத்த நாளும்.

நான் பேச ஆரம்பித்தேன். முகம் தெரியாததால் பேச முடிந்தது. குட்டி எப்படித் தூங்குவாள், எப்படி நடப்பாள், கோபம் வந்தால் என்னவெல்லாம் திட்டுவாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "உங்க மேல எனக்குக் கோபமே இல்ல, உங்க மூக்கு மேலதான் கோபம்" என்றுகூடச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து "ம்" என்று வரும், அவ்வளவுதான். அவர் எப்போதுமே பேச்சில் சிக்கனம். சொல்லி முடித்ததும் மனசு காலியாகிவிடும். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அண்ணி! என்ன இது, பாதியாப் போயிட்டீங்க? சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்பிடாம என்ன? உங்க அண்ணன்தான் வேளாவேளைக்குக் குடுக்கறாரே."

அவள் முகம் மாறியது.

"அண்ணி, அண்ணன் எங்க வீட்டுல வந்து தங்கி எத்தனையோ நாளாச்சு. நீங்க ஒரு போன்கூடப் பண்ணலையேன்னு சண்டை போடத்தான் வந்தேன்."

"விளையாடாதே. இப்பத்தான் டீ குடுத்தார்."

மேஜையைக் காட்டினேன். கோப்பை அங்கேதான் இருந்தது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

உள்ளே காய்ந்து கிடந்தது.

அடியில் தூசி படிந்திருந்தது. பக்கத்தில் இருந்த தட்டும் அப்படித்தான். அதில் சாப்பிட்டது எனக்கு ஞாபகம் இருந்தது, என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. பயப்பட வேண்டிய நேரம் இது என்று புரிந்தது. பயம்தான் வரவில்லை. நாத்தனார் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் வீட்டில் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவரும் இளைத்திருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்களே?" என்றேன்.

"சொல்லிட்டுத்தானே வந்தேன்! ஜன்னல்கிட்ட நின்னு, இந்த வீடு நமக்கு வேணாம், தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம் வான்னு கூப்பிட்டேன். நீதான், நீங்க மட்டும் போங்கன்னு மெதுவாச் சொன்னே."

"நானா? நான் சொல்லவே இல்ல."

"தினமும் என் கையப் புடிச்சிட்டு நின்னியே. அதுக்காகத்தான் அத்தனை நாள் அங்க இருந்தேன்."

"நான் புடிக்கல. நீங்கதான் என் கையப் புடிச்சீங்க."

அவர் தலையை ஆட்டினார். "நான் ஒரு நாளும் புடிச்சதில்ல. உனக்குப் பிடிக்காதோன்னு பயம்."

நாத்தனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் அவர் கையை எடுத்தேன். அடுப்பு வேலை பார்த்துப் பார்த்துக் காய்த்துப்போன, சூடான கை. இத்தனை நாள் நான் பிடித்திருந்தது இது இல்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னென்னமோ பேசினேன்" என்றேன். "யார்கிட்ட பேசினேன்னு தெரியல."

"நானும்தான்" என்றார். "பரவால்ல. இப்ப என்கிட்ட சொல்லு. நான் கேக்கறேன்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. குட்டியைப் பற்றி என்னிடம் இருந்ததையெல்லாம் அந்தச் சுவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணைப் பார்த்தேன், அங்கேயும் துடைத்து வைத்தது போல்தான் இருந்தது. அப்போதுதான் அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். மகள் போய்விட்டாள், இந்த மனிதரும் கைவிட்டுப் போய்விடுவார் என்று பயந்தேன். இவரை விடக் கூடாது, என்ன ஆனாலும் விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டைக் காலி செய்துவிடுவது என்று முடிவு செய்தோம். மறுநாள் காலை நல்ல வெயிலில் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு போனோம். "ஒண்ணாப் போறோம், ஒண்ணா வர்றோம். ஒரு நிமிஷம்கூடப் பிரியக் கூடாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தெரு வாசல் வழியாக இருவரும் ஒன்றாக நுழைந்தோம். துணிமணி, புத்தகங்கள், என் மேஜை எல்லாவற்றையும் ஒன்றாகவே ஏற்றினோம். வெகுநாளைக்குப் பிறகு அவர் தோள் என் தோளில் இடித்தது. இருவரும் விலகவில்லை.

கடைசியாகச் சமையலறைப் பாத்திரங்கள் பாக்கி இருந்தன.

"நான் சுத்திப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் அவர் சந்துப் பக்கம் கிளம்பிவிட்டார். நானும் பழக்க தோஷத்தில் "சரி" என்றேன். கதவு வைக்காத அந்தச் சுவர் எங்களை மறுபடியும் ஆளுக்கொரு பக்கமாக நிறுத்திவிட்டது. காலிக் கூடத்தில் தனியாக நின்ற பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

"நில்லுங்க!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

ஜன்னலுக்கு ஓடினேன். கதவைத் திறந்து முழங்கை வரை கையை விட்டேன். "நீங்கதானே? கையக் குடுங்க. சீக்கிரம் குடுங்களேன்!"

ஒரு கை என்னைப் பிடித்தது.

சில்லென்று இல்லை. காய்ச்சல் அடிக்கிற மாதிரி கொதித்தது.

சின்னக் கை.

குட்டி எப்போதும் என் முழுக் கையையும் பிடிக்க மாட்டாள். ரோட்டில் நடக்கும்போது சுண்டு விரலையும் அடுத்த விரலையும் மட்டும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். இப்போதும் அந்த இரண்டு விரல்களைத்தான் பிடித்திருந்தது.

எனக்குப் பின்னால், தெரு வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

"தனியாப் போக மனசு வரல" என்றார் என் கணவர். "பாதியிலேயே திரும்பிட்டேன். வா, சேர்ந்தே போய் எடுக்கலாம்."

நான் திரும்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை.

"யார் அங்க?" என்று கிசுகிசுத்தார்.

அவர் பக்கத்தில் வந்து, ஜன்னலுக்குள் இருந்த என் கையைப் பார்த்தார். என்னை இழுத்துக்கொண்டு ஓடிவிடுவார் என்று நினைத்தேன், ஓடட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் உள்ளே விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பு குலுங்கியது.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அப்புறம் வாசலில் வந்து நின்று, "சார், எல்லாம் ஏத்தியாச்சு. கிளம்பலாமா?" என்று கேட்டார்.

என் கணவர் ஜன்னலிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"இல்லப்பா. எல்லாத்தையும் இறக்கிடு."