போகும்போது இழுக்கும் வண்டி

நெஸ்டர் சொல்லித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும். ஒருமுறை செவ்வாய்க்கிழமை என்பான், மறுமுறை புதன் என்பான். நான் கேட்டே பல வருஷமாகிறது. நாளும் பேச்சும் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம். அந்தச் சிவப்புக் கோடு மட்டும் மாறியிருக்காது.

எஸ்பனோலா பள்ளத்தாக்கில் பெரிய வெள்ளியன்று கோயில் வாசலில் வண்டிகளை ஆசீர்வதிப்பார்கள். அதற்கு முந்தைய நாட்களில், அழகுக்காகத் தரையைத் தொட்டுவிடும்போல தாழ்த்தி இறக்கிய பிக்கப்புகள், சக்கரங்கள் நேராக ஓடும்படி சரிபார்க்கும் பிரிஸ்காவின் வீல் அலைன்மென்ட் பட்டறை முன்னால் வரிசை கட்டும். நெஸ்டர் அவளுடைய கணவன். அவள் வேலை செய்வாள், அவன் பேசுவான். அந்த வாரமும் அவள் ஒரு வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, முடுக்கிய நட்டின் மேல் நகச்சாயத்தால் சிவப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாராவது நட்டைத் தொட்டால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

அப்போதுதான் டெல்ஃபினா வந்தாள். போன ஈஸ்டர் ஞாயிறன்று ஆற்று வளைவில் சாலையை விட்டு இறங்கிச் செத்துப்போன ஒனோஃப்ரேயின் மனைவி. அவன் ஓட்டிய அதே பிக்கப்பில் வந்திருந்தாள். வண்டி ஈர மணலில் போய் இறங்கியதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தலைக்குத்தான் ஆகிவிட்டது.

"அவரு என்னைக் கூப்பிடறாரு, அக்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் வளைவில் நட்ட சிலுவைக்குப் பூ வைக்கப் போகிறாள். சிலுவை நெருங்கும்போது ஸ்டியரிங் ஆற்றுப் பக்கமாக இழுக்கிறது. பிறகு அங்கிருக்கும் ஊற்றில், பிக்கப்பின் பின்தட்டில் வைத்திருக்கும் பீப்பாய் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவாள். வரும்போது வண்டி நூல் பிடித்ததுபோல் நேராக ஓடும்.

"போகும்போது கையப் பிடிச்சு இழுக்கறாரு. வரும்போது விட்டுடறாரு. ஒரு நாள் நானும் ஸ்டியரிங்க விட்டுடலாமான்னு தோணுது."

இன்னொன்றும் சொன்னாள். அந்த வண்டியைத் தாழ்த்தி இறக்கிக் கொடுத்தவன் ஒனோஃப்ரேயின் தம்பி லியாண்ட்ரோ. அலைன்மென்ட் பார்க்காமல் கொடுத்து அண்ணனைக் கொன்றுவிட்டான் என்று ஊர் சொல்கிறது. அவனும் அப்படித்தான் நம்புகிறான். அதற்குப் பிறகு அந்த வண்டியின் ஒரு நட்டைக்கூட அவன் தொடவில்லை. ஒரு வருஷமாக அம்மா டிரான்சிடோ அவனை வாசற்படி ஏற விடவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் ஊரை விட்டே போகிறான்.

பிரிஸ்கா கையை நீட்டி வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.   மாலைக்குள் பார்த்துவிடுவதாகச் சொல்லி டெல்ஃபினாவை அனுப்பினாள்.

பிரிஸ்காவும் நெஸ்டரும் அந்தப் பிக்கப்பிலேயே வளைவுக்குப் போனார்கள். பருத்தி மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. வெள்ளைச் சிலுவையில் காகிதப் பூக்கள் காற்றில் சரசரத்தன. பிரிஸ்கா ஸ்டியரிங்கை லேசாக விட்டதும் வண்டி, யாரோ அழைத்ததுபோல், மெல்ல ஆற்றுப் பக்கம் திரும்பியது. நெஸ்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

"அவன்தான். திரும்பிடலாம்" என்றான்.

பிரிஸ்கா நிறுத்தி, அவனையும் இரண்டு கருவிப் பெட்டிகளையும் பின்தட்டில் ஏற்றினாள். கொஞ்ச தூரம் பின்னால் போய், முன்பு போலவே ஸ்டியரிங்கை லேசாக விட்டு அதே வளைவில் ஓட்டினாள். வண்டி ஏறக்குறைய நேராகப் போனது.

"உன் உடம்பைப் பாத்தா பேய்க்கே பயம்போல" என்றாள்.

நெஸ்டர் சிரிக்கவில்லை. பின்தட்டின் ஓரச் சந்துகளில் ஏதோ சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடப்பதைச் சுரண்டிக்கொண்டிருந்தான். எலும்புப் பொடி என்று அவனுக்குத் தோன்றியது. அவள் விரலில் தேய்த்துப் பார்த்து, சிமெண்ட் என்றாள்.

பட்டறைக்கு வந்ததும் முன் டயர்களின் உள்விளிம்பை விரலால் தடவினாள். லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். பிறகு வண்டிக்கு அடியில் போனாள். நெஸ்டர் காத்திருந்தான். கீழிருந்து துணியால் துடைக்கிற சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவளுடைய பூட்ஸ் இரண்டும் அசையாமல் கிடந்தன. இரண்டு தடவை கூப்பிட்டான். வெளியே வந்தவள் நேராகப் போய்க் கையைக் கழுவினாள்.

பெரிய வெள்ளியன்று மதியம் டிரான்சிடோவின் வீட்டு வாசலுக்கு எல்லோரையும் பிரிஸ்கா வரச் சொன்னாள். கிழவி படியின் மேல் நாற்காலியில் இருந்தாள். டெல்ஃபினா பக்கத்தில். லியாண்ட்ரோ கேட்டுக்கு வெளியே. உள்ளேயிருந்து மிளகாய்ச் சாற்றில் முட்டை அடை கொதிக்கும் வாசனை வந்தது.

அந்தப் படி சிமெண்டால் புதிதாகப் போட்டது. ஓரத்தில் போன வருஷத்துப் புனிதச் சனியின், அதாவது ஒனோஃப்ரே சாவதற்கு முந்தைய நாளின், தேதியும் ஒரு பெரிய உள்ளங்கையின் பதிவும் இருந்தன. ஒனோஃப்ரேயின் கை. கிழவி தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறாள்.

படிக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆனது என்று பிரிஸ்கா கேட்டாள். ஐந்து என்றாள் கிழவி. அந்த வாரம் முழுக்க வண்டியிலேயே கிடந்தனவாம். வால் தாழ்ந்திருந்தால் அழகு என்று சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

"லியாண்ட்ரோ ஸ்பிரிங்க வெட்டினான். மூக்கு கீழ போச்சு" என்றாள் பிரிஸ்கா. "மூக்கு இறங்கினா சக்கரத்தோட தலை உள்ள சாயும். முன்பக்கம் வாத்துக்கால் மாதிரி வெளிய விரியும். அப்படியே விட்டு ஒரு வருஷம் ஓட்டியிருந்தா, டயர் உள்பக்கம் கம்பி தெரியத் தேஞ்சிருக்கும். லேசாத்தான் தேஞ்சிருக்கு. அப்ப யாரோ சரி பண்ணியிருக்காங்க."

"நான் பண்ணல" என்றான் லியாண்ட்ரோ. "திங்கக்கிழமை அலைன்மென்ட்டுக்குக் கொண்டு போறேன்னான். ஞாயித்துக்கிழமை…"



"ஆசீர்வாதத்துக்கு முன்னாடியே வண்டியக் கொண்டு போயிட்டான். உன்கிட்ட சொல்லல, அவ்வளவுதான். வண்டி முதுகுல சிமெண்ட் மூட்டையோட போனான். அந்த உயரத்துக்குச் சக்கரம் வச்சாங்க. அந்த உயரத்துக்கு அது சரிதான். சனிக்கிழமை மூட்டையை எறக்கி இந்தப் படியைப் போட்டான். வால் ஏறிச்சு, மூக்கு இன்னும் தாழ்ந்துச்சு, கால் திரும்ப விரிஞ்சுடுச்சு. அப்படி விரிஞ்ச வண்டி ரோடு எந்தப் பக்கம் சரியுதோ அந்தப் பக்கம் போகும். அந்த வளைவு ஆத்துப் பக்கம் சரியுது. டெல்ஃபினா போகும்போது பீப்பாய் காலி. வரும்போது தண்ணி, மூட்டை இருந்த இடத்துல இருக்கு. அதான் நேரா வருது."

"பாரம் இருக்கறப்ப எந்த மடையன் அலைன்மென்ட் வச்சான்?" என்றான் நெஸ்டர். "எறக்கச் சொல்ல வேணாமா?"

"வேற ஊரா இருந்தா சொல்லியிருப்பாங்க. இங்க வண்டியைத் தாழ்த்த மூட்டை போட்டா வருஷக்கணக்கா அது வண்டியிலயே கெடக்கும். வண்டியில ஒரு பாகம் மாதிரி. அதனால யாரும் கேக்கறதில்ல. கேட்டிருக்கணும்."

சட்டைப் பையிலிருந்து நகச்சாயப் புட்டியை எடுத்து, படியில் அந்தக் கைப்பதிவின் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த வண்டியோட அலைன்மென்ட் நட்டுல சிவப்புக் கோடு இருக்கு. உடையாம இருக்கு. நான் போட்டது. அந்த வாரம் நாப்பது வண்டி பாத்தேன். அவன் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல."

  தூரத்தில் ஆசீர்வாதத்துக்குப் போகும் வண்டிகளின் ஹாரன்கள் கேட்டன. கிழவி புட்டியைப் பார்த்தாள், கைப்பதிவைப் பார்த்தாள். பிறகு கேட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அங்கயே நிக்கறியே. அடை ஆறுது" என்றாள்.

லியாண்ட்ரோ அண்ணனின் கைப்பதிவை மிதிக்காமல் படியேறினான். கதவு மூடிக்கொண்டது. புட்டி படியிலேயே இருந்தது. பிரிஸ்கா அதை எடுத்துக்கொள்ளவில்லை.

லியாண்ட்ரோ ஊரை விட்டுப் போகவில்லை. இன்றும் ஸ்பிரிங் வெட்டுகிறான். டிரான்சிடோ மூன்று வருஷம் கழித்து இறந்தாள். அதுவரை பிரிஸ்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரிஸ்கா பட்டறையை மூடவில்லை. எந்த வண்டி வந்தாலும் முதலில் பின்தட்டை எட்டிப் பார்த்து, இந்தப் பாரம் எப்போதும் வண்டியிலேயே இருக்குமா என்று கேட்பாள். நெஸ்டர் இந்தக் கதையைச் சொல்லும்போது, மடையன் என்ற இடம் வந்ததும் கொஞ்ச நேரம் நிறுத்துவான். டெல்ஃபினா வண்டியை லியாண்ட்ரோவிடம் கொடுத்துச் சக்கரத்தைச் சரிசெய்துகொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை அது போகும்போதும் நேராகப் போனது; கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. சிலுவையடியில் நிறுத்தி, அவள் அன்றுதான் முதல்முறையாக அழுதாள்.